போகும் உரிமை, இருக்கும் உரிமை

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசர் மறைந்த நாள் 1914 மே 5. அந்த நாளை ஒட்டி நாம் கூடும்போதெல்லாம் அவருடைய பௌத்தத்தைப் பேசியிருக்கிறோம். அவருடைய இதழைப் பேசியிருக்கிறோம். வரலாற்றை அவர் திருப்பி வாசித்த விதத்தைப் பேசியிருக்கிறோம். இந்த முறை நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். படிப்பை முடித்து வேலைக்குக் கிளம்பும் பிள்ளைகள் கேட்கும் கேள்வி அது: "எந்த ஊர்ல போய் செட்டில் ஆகலாம்?"

இதற்கு விடை சொல்லப் பட்டியல்கள் நிறைய உண்டு. ஒன்றிய அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 111 நகரங்களை அளந்து, வாழ்வதற்கு எளிதான நகரங்கள் எவை என்று 2021 மார்ச் மாதம் ஒரு பட்டியல் வெளியிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் பெங்களூருக்கு முதலிடம். சென்னைக்கு நான்காம் இடம், கோவைக்கு ஏழாம் இடம். குடிநீர், கழிவுநீர், கல்வி, மருத்துவம், போக்குவரத்து, வேலைவாய்ப்பு என்று பலவற்றைக் கணக்கில் எடுத்தார்கள். எல்லாம் தேவையானவைதான். ஆனால் அந்த நகரத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போகிறவரிடம் வீட்டுக்காரர் முதலில் என்ன கேட்பார் என்பதை யாரும் அளக்கவில்லை. அந்தக் கேள்வியை எத்தனை முறை எதிர்கொண்டோம் என்பதை வைத்துத்தான் நாம் ஒரு நகரத்தை ஞாபகம் வைத்திருக்கிறோம்.

வாழும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லும்போது அதில் இரண்டு உரிமைகள் அடங்கியிருக்கின்றன. வேண்டாத இடத்தை விட்டுப் போகும் உரிமை ஒன்று. வேண்டிய இடத்தில், சொந்தப் பெயரோடு, யாரும் கிளப்பிவிட முடியாதபடி இருக்கும் உரிமை இன்னொன்று. முதல் உரிமையை நம் முன்னோர் மிகுந்த பாடுபட்டு எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது உரிமை இன்னும் நம் கைக்கு முழுதாக வரவில்லை. இன்று நாம் சொல்ல வருவது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் 'ஊர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் நம் அம்மாக்கள் கடைக்குக் கிளம்பும்போது, "ஊருக்குள்ள போயிட்டு வந்துடறேன்" என்பார்கள். இருப்பது அதே வருவாய்க் கிராமம். ரேஷன் அட்டையில் எழுதியிருப்பதும் அதே ஊரின் பெயர்தான். ஆனாலும் ஊர் என்பது சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நாம் இருந்தது சேரி, பிறகு காலனி. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் மாதம் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. பெயர் மாறட்டும். பெயரோடு பாதையும் மாற வேண்டும் என்று கேட்கிறோம்.

ஏனென்றால் 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குப் போகும் வழி தனியார் நிலத்தில் அடைபட்டுக் கிடந்ததால், நம் மக்கள் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் தெருவுக்கான மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலந்திருந்தது. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் பெரிய வீடு ஒன்றின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, அதை ஒட்டியிருந்த வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அங்குள்ள நம் மக்கள் அதைத் தீண்டாமைச் சுவர் என்றே சொல்கிறார்கள். தண்ணீர், பாதை, சுவர். ஒரு ஊர் வாழத் தகுந்ததா என்று பார்க்க நமக்கு இந்த மூன்று அளவுகோல்களும் போதும்.

1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் கிராமத்தைப் பற்றிப் பேசியது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது. கிராமமே இந்தியாவின் உயிர் என்று மற்றவர்கள் உருகிக்கொண்டிருந்த சபையில், அரசியல் சட்டம் கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அடிப்படை அலகாகக் கொண்டது நல்லது என்று அவர் சொன்னார். அவர் மற்றவர்களைப் போல ஊருக்குள் நின்று கிராமத்தைப் பார்த்தவர் அல்லர். ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் பார்த்த இடத்திலிருந்து பார்த்தார்.

அந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரியும் இன்னொரு செய்தி, நாம் குடியிருந்த மனைகூட நம்முடையதாக இருந்ததில்லை என்பது. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக நாம் அடிக்கடி குறிப்பிடுகிறோம். அந்த அறிக்கை வீட்டுமனையைப் பற்றியும் பேசுகிறது. குடிசை நிற்கும் இடம் மிராசுதாரருடையது என்றால், கூலி போதாது என்று சொல்ல வாய் வராது. எதிர்த்துப் பேசினால் அன்று இரவே குடிசையைப் பிரிக்க வேண்டியிருக்கும். நிலம் இல்லாதது ஒரு கொடுமை. இருப்பதற்கு இடம் இல்லாதது அந்தக் கொடுமையைக் கட்டிப்போட்ட கயிறு. கயிற்றை அறுக்க நம் மக்களுக்குத் தெரிந்த ஒரே வழி ஊரை விட்டுப் போவது.

போனார்கள். இலங்கையின் தோட்டங்களுக்கும், ரங்கூனுக்கும், மலேயாவுக்கும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனார்கள். சென்னைக்கும் பம்பாய்க்கும் கோலாருக்கும் போனார்கள். அதைத் தேர்வு என்று சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. பஞ்சமும் கங்காணியும் கடனும் தள்ளிவிட்டதைத் தேர்வு என்று அழகுபடுத்தக் கூடாது. தோட்டத்து லயன்களில் அவர்கள் பட்ட துன்பத்தையும் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் அந்தப் பயணத்தில் அவர்களுடைய சொந்த முடிவும் கொஞ்சம் இருந்தது. திரும்பிப் போகக் கூடாத இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பண்டிதரின் வாழ்க்கையும் அந்த இடப்பெயர்ச்சிகளோடு பின்னிக் கிடக்கிறது. நீலகிரியில் இயங்கியவர் பிறகு சென்னை ராயப்பேட்டைக்கு வந்தார். 1898இல் இலங்கை சென்று பௌத்தம் ஏற்றுத் திரும்பி, சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. அந்த இதழுக்கு வாசகர்கள் எங்கே இருந்தார்கள் என்று பார்த்தால், நம் மக்கள் எங்கெங்கே போனார்களோ அங்கெல்லாம் இருந்தார்கள். ரங்கூனில் இருந்தார்கள், தென்னாப்பிரிக்காவில் இருந்தார்கள், கோலார் தங்கவயலில் இருந்தார்கள். சேரியில் இருந்தவரை ஒரு பைசா கொடுத்து ஒரு தாள் வாங்கி, நாலு பேர் நடுவில் உட்கார்ந்து உரக்கப் படிக்க முடியவில்லை. போன இடத்தில் முடிந்தது. கூலி காசாகக் கைக்கு வந்தது. படிப்பவனைப் பார்த்து முறைக்க மிராசுதாரர் அங்கே இல்லை. ஒரு இடம் வாழத் தகுந்தது என்பதற்கு நம் முன்னோர் கண்டுபிடித்த முதல் அடையாளமாக இதைச் சொல்லலாம்: அங்கே உட்கார்ந்து படிக்க முடிய வேண்டும்.

கோலார் தங்கவயலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நம் மக்கள் ஒரு ஊரை உண்டாக்கிய கதை அது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன தமிழ் பேசும் தலித்துகள். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து அங்கே மின்சாரம் வந்தது. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. மின்சாரம் சுரங்கத்துக்கு வந்ததே தவிர, தொழிலாளி படுத்துறங்கியது மூங்கில் தட்டி அடைத்த வீட்டில். பாறை வெடித்துச் செத்தவர்கள் உண்டு. கல்தூசி நுரையீரலில் படிந்து இருமியே செத்தவர்கள் அதைவிட அதிகம்.

இப்படிப்பட்ட இடத்தை லட்சிய ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தத் தட்டி வீடுகளுக்கு நடுவில் நம் மக்கள் பள்ளி வைத்தார்கள். மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை வைத்தார்கள். பண்டிதரின் மறைவுக்குப் பிறகு சில ஆண்டுகள் கழித்து 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்து அப்பாதுரையார் நடத்தினார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை அங்கேதான் அச்சிட்டது. இன்று நாம் பண்டிதரைப் படிக்கிறோம் என்றால் அதில் அந்தச் சுரங்கத் தொழிலாளர்களின் காசும் இருக்கிறது. 1930இல் தொழிலாளர் அனைவரின் விரல்ரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். குற்றவாளியைப் போல ரேகை கொடுக்க மாட்டோம் என்பது கூலிக் கணக்கைத் தாண்டிய பேச்சு. சேரியில் அவர்களால் அப்படிப் பேசியிருக்க முடியாது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது. கம்பெனி கட்டிய வீடுகளில் குடியிருந்தவர்களுக்கு அந்த வீடு யாருடையது என்ற கேள்வி எழுந்தது. மூன்று நான்கு தலைமுறை அங்கே பிறந்து, அங்கே புதைக்கப்பட்டு, அந்த ஊரையே உண்டாக்கியவர்கள் தங்கள் வீட்டின் மீது உரிமை கோரி மனுக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. இன்று விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயில் நிலையத்துக்குப் போனால், சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டத்தைப் பார்க்கலாம். போய் வேலை செய்துவிட்டு இரவு திரும்புகிறார்கள். பட்டியலில் முதலிடம் பிடித்த நகரம், தனக்கு முன்பே மின்சாரம் கண்ட ஒரு ஊரின் பிள்ளைகளிடம் பகல் பொழுதை மட்டும் வாங்கிக்கொள்கிறது. இரவு தங்க அந்தச் சம்பளத்தில் அங்கே இடமில்லை. போகும் உரிமையை வைத்து ஒரு ஊரையே உண்டாக்கலாம், இருக்கும் உரிமை இல்லாவிட்டால் அது ஒரு நாள் கையைவிட்டுப் போகும் என்பதற்குத் தங்கவயலைவிட வேறு சான்று வேண்டாம்.

அது கூலித் தொழிலாளர்களின் கதை, படித்து நல்ல வேலைக்குப் போனால் நிலைமை வேறு என்று நம் பிள்ளைகள் நினைக்கலாம். அவர்களுக்கு நாம் பரோடாவைச் சொல்ல வேண்டும்.

1917இல் பாபாசாகேப் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு, படிக்க உதவிய பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர வந்தார். வேலை இருந்தது. வீடு இல்லை. இந்து விடுதியில் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். பார்சி சத்திரம் ஒன்றில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் கையில் தடிகளோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள். இரண்டு நண்பர்களிடம் உதவி கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். நீ வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார் ஒருவர். மனைவியைக் கேட்க வேண்டும் என்றார் மற்றவர். பம்பாய் ரயில் இரவில்தான். ஐந்து மணி நேரம் காமாத்தி பாக் என்ற பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் ரயிலேறினார்.

அன்று அந்த நகரத்தில் அவரைவிட அதிகம் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? பூங்கா பொது இடம் என்பதால் உட்கார முடிந்தது. கூரைக்குக் கீழே முடியவில்லை. பிறகு பம்பாயில் பரேல் பகுதியில், தொழிலாளர் வாழும் சால் குடியிருப்பில், பல ஆண்டுகள் குடும்பத்தோடு வாழ்ந்தார். 1930களில் தாதரில் தனக்கென்று ஒரு வீடு கட்டிக்கொண்டார். ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு இடம் வைத்துக் கட்டிய அந்த வீட்டுக்கு, புத்தர் காலத்து மகதத் தலைநகரின் பெயரை வைத்து ராஜகிருகம் என்றார். அந்த வீட்டின் மீதும் 2020 ஜூலையில் தாக்குதல் நடந்தது. பூந்தொட்டிகளையும் சன்னல்களையும் உடைத்தார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று இதை ஒதுக்க முடியவில்லை. சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் தில்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வெவ்வேறு சாதி, மதப் பெயர்களோடு வாடகை வீடு கேட்டுப் பார்த்து, முடிவுகளை 2015இல் வெளியிட்டார்கள். வீடு ஒன்றே, பெயர் மாறும்போது பதில் மாறுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. தலித் பெயருக்கு மறுப்பு அதிகம், முஸ்லிம் பெயருக்கு அதைவிட அதிகம். தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டும் வழக்கம் குறைந்துவிட்டது. அதனால் இங்கே கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. "சொந்த ஊர் எது?" "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" "குலதெய்வம் எங்க?" நம்மில் யாருக்கு இந்தக் கேள்விகள் புதிது? மூன்றாவது கேள்விக்குள் முகம் மாறிவிடும். "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்" என்பார்கள். ஒரு வாரம் கழித்துப் போனாலும் 'டு லெட்' பலகை அப்படியே தொங்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரால் தடை போடுவதைக் குற்றம் என்று பெயர் சொல்லியே வைத்திருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் சாதியைச் சொல்லி மறுப்பதில்லையே. அட்வான்ஸ் வாங்கிவிட்டேன் என்று சொன்னதற்கு எந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதுவது? இதனால் நம் பிள்ளைகளில் சிலர் பாபாசாகேப் பரோடாவில் செய்ததையே செய்கிறார்கள். ஊரின் பெயரை மாற்றிச் சொல்கிறார்கள். பாபாசாகேப் படத்தைச் சுவரில் மாட்டாமல் பீரோவுக்குள் வைக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் வாடகையோடு சேர்த்துப் பெயரையும் மாதாமாதம் கொடுத்துக்கொண்டிருக்கும் வீட்டை வீடு என்று எத்தனை நாள் சொல்வது? நகரம் நமக்கு முகம் தெரியாத வாழ்க்கையைக் கொடுத்தது. அது பெரிய விடுதலைதான். டீக்கடையிலும் பஸ்ஸிலும் சினிமாக் கொட்டகையிலும் அதை அனுபவித்தோம். முகம் தெரிந்த பிறகும் இருக்க விடுமா என்பதில்தான் நகரம் தோற்கிறது.

இனி சென்னைக்கு வருவோம். இங்கே நமக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது.

1971ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, கிராமத்தில் பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளருக்கு அந்தக் குடியிருப்பின் உரிமையைக் கொடுத்த சட்டம். கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டு மூன்றாண்டுகள்கூட ஆகாத நேரம் அது. இன்னொன்று, நகரத்துக் குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதற்கான சட்டம். குடிசை மாற்று வாரியம் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கப்பட்டிருந்தது. தொடக்கத்தில் வாரியம் பல இடங்களில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்கு வீடுகளைக் கட்டியது. ஒன்று கிராமத்துக்கு, ஒன்று நகரத்துக்கு என்று இருந்த அந்த இரண்டு சட்டங்களுக்குள்ளும் ஒரே எண்ணம் இருந்தது: இருக்கிற இடத்தில் இவர்கள் இருக்கலாம்.

அந்த எண்ணம் பிறகு கைவிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகர் வந்தது. பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம். கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகள். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்தவர்களை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிய இடங்கள் இவை. இவர்களில் கணிசமானவர்கள் தலித் குடும்பங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்று சொல்லி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் தேங்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்ற வெள்ளம் வரும் இடத்துக்கே!

வீட்டு வேலைக்கும் சித்தாள் வேலைக்கும் மீன் விற்கவும் நடந்தே போய்வந்த பெண்களுக்கு, போக வர மூன்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் போகிறது. பிள்ளைகளின் படிப்பு கல்வியாண்டின் நடுவில் அறுந்தது. லிப்ட் ஓடாத நாளில் ஏழாவது மாடியிலிருந்து கர்ப்பிணிப் பெண் படியிறங்க வேண்டும். நாம் அதிகம் பேசாத ஒரு இழப்பு முகவரி. முகவரியைப் பார்த்ததும் வேலை இல்லை என்று சொன்ன இடங்கள் உண்டு, கடன் இல்லை என்று சொன்ன இடங்கள் உண்டு. சேரி என்ற சொல் போய், கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்ற பெயர்கள் அதன் வேலையைச் செய்யத் தொடங்கின. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடிக்க இயந்திரம் வந்து நின்றபோது, ஒருவர் தீக்குளித்து இறந்தார். தன் இடத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட ஒரு மனிதரின் கடைசிப் பேச்சு அது. நகரம் அதைக் கேட்டதா என்று நாம் கேட்க வேண்டும். வாரியத்தின் பெயர் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியிருக்கிறது. வாழ்விடம் என்ற சொல் நல்ல சொல். அந்தச் சொல்லுக்கு அது நேர்மையாக இருக்கட்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். நம் அமைப்புகளுக்குள்ளேயே எழுகிறது. சேர்ந்து இருப்பதால்தானே ஒதுக்குகிறார்கள், எல்லோரோடும் கலந்து இருந்தால் சாதி கரையாதா என்பது ஒரு பக்கம். கலந்திருக்கும் இடத்தில் தனியாக மாட்டிக்கொள்வதைவிட நம் மக்களோடு இருப்பது பாதுகாப்பு என்பது இன்னொரு பக்கம். இரண்டும் நம் வரலாற்றில் சோதித்துப் பார்க்கப்பட்டவை. 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் பாபாசாகேப், பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகளை அமைத்துக் கொடுக்கக் குடியேற்ற ஆணையம் ஒன்று வேண்டும் என்று கேட்டார். தமிழ்நாட்டில் 1997இல் அறிவிக்கப்பட்ட சமத்துவபுரம் எதிர்த்திசையில் போனது. நூறு வீடுகளில் நாற்பதை நமக்கு ஒதுக்கி, எல்லாச் சாதியினரையும் கலந்து குடியேற்றியது.

நாம் இவற்றை ஒன்றுக்கொன்று எதிரானவையாகப் பார்க்கவில்லை. கலந்து வாழ்வதும் சேர்ந்து வாழ்வதும் நம் முடிவாக இருக்க வேண்டும். பாபாசாகேப் கேட்டது நிலத்தோடும், பிறரை அண்டிப் பிழைக்கத் தேவையில்லாத வாழ்வோடும் சேர்ந்த குடியிருப்பை. பெரும்பாக்கத்தில் கொடுத்தது வேலையிலிருந்து துண்டித்த குடியிருப்பை. இரண்டும் தனிக் குடியிருப்பு என்று யாராவது ஒப்பிட்டால் ஏமாறக் கூடாது. யார் முடிவெடுத்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

செருப்புத் தைக்கும் குலத்தில் பிறந்த ரவிதாசர் சில நூற்றாண்டுகளுக்கு முன் துயரமில்லாத ஒரு நகரத்தைக் கற்பனை செய்து அதற்கு பேகம்புரா என்று பெயர் வைத்தார். அங்கே விரும்பிய இடத்தில் நடக்கலாம், தடுக்க யாரும் இல்லை. அரண்மனைகளையும் கோபுரங்களையும் வைத்து லட்சிய நகரத்தை வருணித்த கவிகள் உண்டு. நம் ஆள் நடப்பதை வைத்து வருணித்தார். எங்கே தடை இருந்ததோ அதைச் சொன்னார்.

ஆக, பிள்ளைகள் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். எந்த ஊருக்குப் போகலாம்? ஊரின் பெயரை நாம் சொல்லப் போவதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் கேட்டுப் பார்க்க ஐந்து கேள்விகளைச் சொல்கிறோம். பெயரையும் ஊரையும் மறைக்காமல் அங்கே வாடகைக்கு வீடு கிடைக்குமா? எல்லோரும் குடிக்கும் தண்ணீரையே நாமும் குடிக்கிறோமா? பிள்ளைகள் நடந்து போகும் தூரத்தில் பள்ளியும் நூலகமும் உண்டா? வேலை போனால், உடம்பு முடியாமல் போனால், அடுத்த மாதமும் அதே வீட்டில் இருக்க வழியுண்டா? செத்தால் பொதுப் பாதையில் தூக்கிக்கொண்டு போவார்களா? ஐந்துக்கும் ஆம் என்று சொல்லும் ஊர் இன்று இருக்கிறதா என்றால், நம் கண்ணில் படவில்லை. எத்தனைக்கு ஆம் என்று பார்த்துப் போங்கள். மீதிக்கு அங்கே இருந்து போராடுங்கள்.

போன பிறகு இரண்டு காரியங்கள் செய்யுங்கள். நல்ல வேலையும் நல்ல வீடும் கிடைத்தவர்கள், தங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், வாடகைக்கு வருகிறவரைப் பற்றிய பேச்சு எழும்போது வாயைத் திறக்க வேண்டும். கண்ணகி நகரிலும் கோவிந்தசாமி நகரிலும் இருப்பவர்களின் பட்டாப் போராட்டம் தங்களுடைய போராட்டமும்தான் என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் கேட்பதும் நீங்கள் வாடகை வீட்டு வாசலில் கேட்பதும் ஒன்றே.

இரண்டாவது, எழுதுகிறவர்களுக்கானது. நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முகவரிகளின் வரலாறு ஒன்று இருக்கிறது. பாட்டன் எந்தச் சேரியிலிருந்து எப்போது கிளம்பினார், எந்த லைனில், எந்தச் சாலில், எந்தக் குப்பத்தில் இருந்தார், எத்தனை வீடு மாறினார், ஒவ்வொரு வீட்டையும் ஏன் விட்டார். அம்மாக்களுக்குத்தான் இது சரியாகத் தெரியும். அடுப்பைப் பிடுங்கி வைத்தவர்கள் அவர்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். இடிக்க வருகிறவர்கள் எப்போதும் "நீ எப்ப வந்த?" என்றுதான் கேட்கிறார்கள். எழுதி வைத்திருந்தால் பதில் சொல்லலாம்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய ஒரு பெண் கண்ணகி நகரைச் சேர்ந்தவர். பத்திரிகைகளில் வந்தபோது அவர் பெயரோடு கண்ணகி நகரின் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்தது. வேலை கேட்டுப் போன இடத்தில் மறைக்கச் சொன்ன அதே பெயர். அந்தத் தெருவில் அன்று எத்தனை பிள்ளைகள் தங்கள் முகவரியை முழுதாகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து அச்சிட்டு அனுப்பிய தாளை மாரிக்குப்பத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, தட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டவர்கள் ஊரை விட்டு வந்தவர்கள். போவதற்கு அவர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள். இருப்பதற்கு நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.